ஆறு புள்ளி ஒன்பது

திருப்பத்தூரில் பி.காம். படித்தவனைத் தேடி ஊர் ஜனங்கள் மூன்று காரியத்துக்காக வருவார்கள். இன்கம்டாக்ஸ் ஃபாரம், பாங்க் லோன் ஃபாரம், சீட்டுக் கம்பெனியில் கட்டின பணம் திரும்பி வருமா என்கிற ஜோசியம். அவன் பத்திரிகையில் வேறு எழுதுகிறான் என்று தெரிந்துவிட்டால் நாலாவதாக ஒன்றும் சேர்ந்துகொள்ளும்: கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு வாசகம். இந்த நாலையும் சமாளித்துக் காலம் தள்ளிக்கொண்டிருந்த என்னிடம் போன நவம்பரில் ஐந்தாவதாக ஒன்று வந்து சேர்ந்தது.

வந்தவள் என் அக்கா மகள். எம்.எஸ்ஸி. பிஸிக்ஸ் முடித்தவள். கையில் லாப்டாப். முகத்தில் மூன்று நாள் தூங்காத களை.

"மாமா, வெளிநாட்டுல பிஹெச்.டி.க்கு அப்ளை பண்றேன். எஸ்.ஓ.பி. எழுதணும். நீங்கதான் ஹெல்ப் பண்ணணும்."

எஸ்.ஓ.பி. என்பது ஏதோ போலீஸ் டிபார்ட்மெண்ட் சமாசாரம் என்று நினைத்துக் கொஞ்சம் பயந்துவிட்டேன். 'ஸ்டேட்மெண்ட் ஆஃப் பர்ப்பஸ்' என்று அவளே விளக்கினாள். நான் யார், இதுவரை என்ன செய்தேன், எதற்காக உங்களிடம் வருகிறேன், என்னை ஏன் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று இரண்டு பக்கத்துக்குள் எழுத வேண்டுமாம். பெண் பார்க்கப் போன இடத்தில் மாப்பிள்ளை வீட்டார் பேசுவதுதான். இங்கே எழுத்து மூலமாக.

"இதென்ன பிரமாதம்? சாயங்காலத்துக்குள்ள முடிச்சிடலாம்."

"ஒரே ஒரு பிரச்னை மாமா. என் சி.ஜி.பி.ஏ. 6.9."

"பத்துக்கா?"

"பத்துக்குத்தான்."

"அட, ஃபர்ஸ்ட் கிளாஸ்! நான் பி.காம்.ல அம்பத்தோரு பர்சென்ட். அதுவும் காஸ்ட் அக்கவுண்டிங்கை மூணு தடவை எழுதி."

"நீங்க பிஹெச்.டி.க்கு அப்ளை பண்ணலையே மாமா" என்றாள், மிகவும் மரியாதையாக.

இந்த 6.9-ஐ வைத்துக்கொண்டு அன்று மத்தியானம் நாங்கள் பட்ட பாடு தனிக்கதை. ஒரே எண் ஒவ்வொரு ஊரில் ஒவ்வொரு வேஷம் போடுகிறது. சில பல்கலைக்கழகங்களில் அதைப் பத்தால் பெருக்கி 69 சதவிகிதம் என்கிறார்கள். இன்னும் சிலர் முதலில் 0.75-ஐக் கழித்துவிட்டுத்தான் பெருக்குகிறார்கள், உடனே 61.5 ஆகிவிடுகிறது. வாசலைத் தாண்டுவதற்குள் ஏழரை மார்க் காலி. அமெரிக்காவில் எல்லாம் நாலுக்கு. நேராகக் கணக்குப் போட்டால் 2.76 வருகிறது. அங்கே பல இடங்களில் குறைந்தது 3 இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். சரி, ஜெர்மனி பக்கம் போகலாம் என்றால், அவர்களிடம் 'பவேரியன் ஃபார்முலா' என்று ஒன்று. அதில் போட்டால் 2.86.

"பரவாயில்லையே, அமெரிக்காவைவிட ஜாஸ்தி!" என்றேன்.

"மாமா, ஜெர்மனில 1 வாங்கினாத்தான் ஃபர்ஸ்ட். 4 பார்டர் பாஸ். அங்க ஜாஸ்தின்னா மோசம்."

உள்ளூர் நிலவரமும் பார்த்தோம். யு.ஜி.சி.யின் 2022-ம் வருஷ விதிப்படி, முதுகலை முடித்தவர்கள் பிஹெச்.டி.யில் சேர 55 சதவிகிதம் வேண்டும். பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், இதர பிற்படுத்தப்பட்டோர், மாற்றுத் திறனாளிகள் போன்றவர்களுக்கு ஐந்து சதவிகிதம் தளர்வு உண்டு. அதன்படி இங்கே இவளுக்குத் தடையில்லை. ஆக, பிள்ளை ஊருக்குள் பாஸ், ஊருக்கு வெளியே இழுபறி.

*

ஒரு விஷயம் திருப்பத்தூரில் ஒரு டீக்கடையை எட்டினால் போதும், ஆளுக்கொரு யோசனை வந்துவிடும். ஜெராக்ஸ் கடைக்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஸ்கேன் பண்றப்ப 6-ஐ 8 ஆக்கறது ரெண்டு நிமிஷ வேலை சார்" என்றார். மார்க் பட்டியல் கல்லூரியிலிருந்தே நேராகப் போகிற இடங்களும் உண்டு. மாட்டினால் வாழ்நாளுக்கும் கதவு அடைத்துவிடும் என்று சொன்னேன். "உங்க நல்லதுக்குச் சொன்னேன்" என்று வருத்தப்பட்டார். ரிடையர்டு வாத்தியார் ஒருவர் வியாழக்கிழமை குருவுக்குக் கொண்டைக்கடலை மாலை போடச் சொன்னார். பிரௌஸிங் சென்டரில் மூவாயிரம் ரூபாய்க்கு எஸ்.ஓ.பி. ரெடிமேடாகவே கிடைத்தது. சாம்பிள் காட்டினார்கள். 'சிறு வயதிலிருந்தே இரவு வானத்தைப் பார்த்து வியந்திருக்கிறேன்' என்று ஆரம்பித்தது. பெயரையும் பாடத்தையும் மாற்றினால் மெக்கானிகல் இன்ஜினீயரும் அதே வானத்தைப் பார்த்து வியக்கலாம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், எங்கள் வீட்டுப் பெண் நிஜமாகவே சிறு வயதில் வானத்தைப் பார்த்து வியந்தவள். ஜவ்வாது மலையில் ஆலங்காயத்துக்கு அந்தப் பக்கம் காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. 1986-ல் பிரதமர் ராஜீவ் காந்தி வந்து திறந்துவைத்த 2.34 மீட்டர் டெலஸ்கோப் அங்கேதான் இருக்கிறது. இவளுக்குப் பத்து வயசில் ஒரு சனிக்கிழமை அவள் அப்பா டிவிஎஸ் எக்ஸெல்லில் உட்காரவைத்து அங்கே கூட்டிப்போனார். சனி கிரகத்தின் வளையத்தைப் பார்த்துவிட்டு வந்தவள் ஒரு வாரம் சாப்பாட்டுத் தட்டை நிமிர்த்தி நிமிர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் பாருங்கள், ஊரில் எல்லாரும் அதே பொய்யை எழுதுவதால் இவள் தன் நிஜத்தை எழுத முடியாமல் போயிற்று.

அன்றிரவு நானே உட்கார்ந்து எழுதினேன். 'என் இரண்டாம் செமஸ்டரில் விதியின் புயல் வீசியது. சோதனை மேகங்கள் சூழ்ந்தன' என்று ஆரம்பித்து, கடைசியில் ஒரு வானவில்லோடு முடித்திருந்தேன். காலையில் படித்தாள்.

"மாமா, நான் வானிலைக்கு அப்ளை பண்ணலை. வானவியலுக்கு."

நிற்க. இந்தப் புயலை எங்கிருந்து பிடித்தேன் என்று சொல்ல வேண்டும். அவள் மார்க் பட்டியலிலிருந்துதான். நாலு செமஸ்டருக்கும் வரிசையாக 7.2, 4.4, 7.8, 8.2. கூட்டி நாலால் வகுத்தால் 6.9. இரண்டாவதில் மட்டும் இரண்டு தாள் அரியர்.

"இந்த 4.4 என்னம்மா ஆச்சு?"

"பேப்பர் கஷ்டம் மாமா."

"எல்லாருக்குமா?"

பதில் இல்லை. நான் விரல்விட்டு எண்ணினேன். அந்த செமஸ்டர் முந்தின வருஷப் பொங்கலுக்குப் பிறகு ஆரம்பித்தது. அந்தப் பொங்கலுக்கு மறுவாரம்தான் அக்கா வீட்டுக்காரர் ஆலங்காயம் ரோட்டில் மாடு குறுக்கே வந்து, வண்டியோடு விழுந்து, இடுப்பெலும்பு உடைந்து படுத்தார். அக்கா ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தாள். மளிகைக் கடையை இவள்தான் திறந்தாள், சாத்தினாள், கொள்முதல் போட்டாள், கடன் வசூலித்தாள். காலேஜ் என்னாச்சு என்று நாங்கள் எல்லோரும் கேட்டோம். "ஸ்டடி லீவு" என்றாள். நாலு மாசம் ஸ்டடி லீவு விடுகிற காலேஜ் உலகத்திலேயே எங்கும் கிடையாது. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை. என்னை எழுத்தாளன் என்கிறார்கள்.

"இதையே எழுதிடலாமே. நிஜந்தானே?"

"வேணாம் மாமா." குரல் மாறிவிட்டது. "அப்பா எல்லாத்தையும் படிச்சுக் காட்டச் சொல்வார். அரியர் விழுந்ததே அவருக்குத் தெரியாது. தன்னாலதான்னு தெரிஞ்சா... வேற ஏதாவது எழுதுங்க. டெங்குன்னு எழுதுங்க. எனக்கு வந்ததா எழுதுங்க."

ஜெராக்ஸ் கடைக்காரர் 6-ஐ 8 ஆக்குகிறேன் என்றபோது உபதேசம் பண்ணின எனக்கு இதற்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. டீ போட்டுக் கொடுத்து அனுப்பிவைத்தேன்.

*

குறைந்த மார்க்கோடு சீமையிலிருக்கும் ஒரு ப்ரொஃபஸருக்கு எழுதிய நம்மவர் யாராவது உண்டா என்று யோசித்தேன். ராமானுஜன். பேரைச் சொன்னதும் 'ஆரம்பிச்சுட்டான்யா' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். மேதையைப் பற்றி நான் பேசப் போவதில்லை, அந்த ஆசாமியின் அப்ளிகேஷனைப் பற்றித்தான்.

கும்பகோணம் அரசுக் கல்லூரியில் ஸ்காலர்ஷிப்போடு சேர்ந்தவர், கணக்கைத் தவிர மற்றதைக் கண்டுகொள்ளாததால் அந்த ஸ்காலர்ஷிப் போயிற்று. பிறகு சென்னை பச்சையப்பனில் சேர்ந்து எஃப்.ஏ. எழுதினார். 1906-ல் ஃபெயில். 1907-ல் மறுபடியும் ஃபெயில். உடலியல் பாடத்தில் பாஸ் மார்க்கின் தெருப்பக்கம்கூடப் போகவில்லை. 1912-ல் மெட்ராஸ் போர்ட் டிரஸ்டில் கணக்குப் பிரிவில் குமாஸ்தா. மாசம் முப்பது ரூபாய். கணக்குப் பிரிவு என்றதும் எனக்கு ஒரு சொந்த பாத்தியதை வந்துவிட்டது, மன்னிக்கவும்.

1913 ஜனவரி 16-ம் தேதி கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்கு எழுதினார். அந்தக் கடிதத்தின் ஆரம்பத்தை நான் ஒரு ஆடிட்டர் கண்ணோடு பார்த்தேன். வயசு சுமார் 23 என்று போட்டிருக்கிறார். பிறந்தது 1887 டிசம்பர். அப்படியானால் 25! சம்பளம் வருஷத்துக்கு 20 பவுண்டு என்கிறார். முப்பது ரூபாய் வீதம் வருஷத்துக்கு 360. அன்றைக்கு ஒரு பவுண்டுக்குப் பதினைந்து ரூபாய். ஆக 24 பவுண்டு. கணித மேதை கணக்கில் கோட்டை விட்டிருக்கிறார். எனக்கு ஆறுதலாக இருந்தது.

இதற்கு அடுத்ததுதான் விஷயம். எனக்குக் கல்லூரிப் படிப்பு இல்லை, பள்ளிப் படிப்பு மட்டும்தான் என்று பட்டென்று போட்டு உடைத்துவிடுகிறார். புயலும் கிடையாது, மேகமும் கிடையாது. காலேஜ் என்னை நடத்தியவிதம், உடலியல் வாத்தியாரின் கொடுமை, குடும்பக் கஷ்டம் என்று ஒரு புலம்பலும் இல்லை. உடனே கணக்குக்குப் போய்விடுகிறார். கூடவே பக்கம் பக்கமாக நூற்றுக்கும் மேற்பட்ட சூத்திரங்கள். ஹார்டியும் லிட்டில்வுட்டும் உட்கார்ந்து பார்த்தார்கள். மிச்சம்தான் உங்களுக்குத் தெரியுமே. ஹார்டிக்கு முன்னால் கேம்பிரிட்ஜிலேயே வேறு இரண்டு பெரிய ப்ரொஃபஸர்களுக்கு எழுதி ஒன்றும் நடக்கவில்லை என்பார்கள். அதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். நல்ல கடிதமும் திரும்பி வரும்.

எனக்கு இன்னும் பிடித்த இடம் மெட்ராஸ் யுனிவர்சிட்டி. 1913-ல் அவருக்கு மாசம் 75 ரூபாய் ஆராய்ச்சி ஸ்காலர்ஷிப் கொடுத்தார்கள். விதிப்படி அதற்கு எம்.ஏ. வேண்டும். இவர் எஃப்.ஏ.யே தேறாதவர். மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்த யாரோ சிலர் விதிப் புத்தகத்தைக் கொஞ்ச நேரம் மூடிவைத்திருக்கிறார்கள். அவர்களுக்குச் சிலை கிடையாது.

மறுநாள் இதையெல்லாம் அக்கா மகளிடம் சொன்னேன். கடைசியில் ஒரு போனஸும் வைத்திருந்தேன். "நம்ம காவலூர்ல 1988 பிப்ரவரி 17-ம் தேதி ராஜமோகன்னு ஒரு விஞ்ஞானி ஒரு குறுங்கோளைக் கண்டுபிடிச்சார். அதுக்கு என்ன பேர் தெரியுமா?"

"4130 ராமானுஜன். அது எனக்குத் தெரியும் மாமா." கொட்டாவியை அடக்கிக்கொண்டாள். "ஆனா ஒண்ணு. அவர் ஃபெயிலானதை ஹார்டிகிட்ட சொல்லலையே. காலேஜ் படிப்பே இல்லைன்னுதானே சொன்னார்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நிஜம்தான். இரண்டு முறை ஃபெயிலான கதை அந்தக் கடிதத்தில் இல்லை.

"அவர்கிட்ட ஹார்டி மார்க் ஷீட் கேக்கலை" என்றேன் சமாளித்து. "உன்னுது கூடவே போகுது. 4.4-ஐப் படிக்கப்போறவன் பாத்துடுவான். நீ சொல்லலைன்னா அவனா ஒரு காரணம் கற்பிச்சுக்குவான். அவன் கற்பிக்கிற காரணம் நீ சொல்றதைவிட நல்லதா இருக்காது."

"நான் ராமானுஜன் இல்லையே மாமா."

"இல்லைதான். அவர் பரீட்சை எழுதின லட்சணத்தைப் பார்த்தா நீ எவ்வளவோ தேவலை."

சிரித்தாள். அப்போதுதான் எனக்குத் திடீரென்று காஸ்ட் அக்கவுண்டிங் ஞாபகம் வந்தது. மூன்று முறை எழுதியதில் ஒரு லாபம், அந்தப் பாடம் மட்டும் மறக்கவே இல்லை.

ஜவ்வாது மலையிலிருந்து நூறு கிலோ புளி சென்னைக்கு அனுப்புகிறீர்கள். வழியில் காய்ந்து மூன்று கிலோ குறையும். இது நார்மல் லாஸ். எல்லோருக்கும் நடப்பது. மிச்சமுள்ள தொண்ணூற்றேழு கிலோவின் விலையிலேயே இதை ஏற்றிவிடலாம். ஆனால் லாரி கவிழ்ந்து முப்பது கிலோ ஏரியில் போய்விட்டதென்று வையுங்கள். இது அப்நார்மல் லாஸ். இதை மிச்சப் புளியின் தலையில் கட்டக் கூடாது. தனியாக ஒரு வரியில், என்ன நடந்தது, எவ்வளவு போச்சு என்று காட்ட வேண்டும். கலந்து எழுதினால் மிச்ச வியாபாரம் எப்படி நடந்தது என்றே தெரியாமல் போய்விடும். மறைத்தால் ஆடிட்டர் கையெழுத்துப் போட மாட்டார்.

சி.ஜி.பி.ஏ. செய்கிற அநியாயமே இதுதான். லாரி கவிழ்ந்ததையும் காய்ந்ததையும் ஒன்றாகக் கூட்டி வகுத்துவிடுகிறது. அந்த ஒரு செமஸ்டரைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் சராசரி 7.73. அந்தக் கணக்கைப் படிக்கிறவனே போட்டுக்கொள்வான். நாம் செய்ய வேண்டியது லாரி கவிழ்ந்த வரியைக் காட்டுவது மட்டும். இதில் ஒரு நேர்மை வேண்டும், அதையும் சொல்லிவிடுகிறேன். நாலு செமஸ்டரும் 4.4 என்றால் அது அப்நார்மல் லாஸ் ஆகாது. வருஷா வருஷம் லாரி கவிழ்கிறதென்றால் கோளாறு டிரைவரிடம்.

பிறகு வேலை வேகமாக நடந்தது. முதல் பக்கம் முழுக்க அவள் செய்த காரியம். 2018-ல் நாஸா அனுப்பிய 'டெஸ்' செயற்கைக்கோள் எடுக்கிற அளவுகளை இன்டர்நெட்டில் யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாமாம், காசில்லை. ஒன்றையொன்று சுற்றி வரும் இரட்டை நட்சத்திரங்களில் ஒன்று மற்றதை மறைக்கும்போது வெளிச்சம் குறையும். அந்தச் சின்னக் கிரகணங்களைக் குறித்துக்கொண்டே வந்தால் எத்தனை நேரத்துக்கு ஒரு சுற்று என்று சொல்லிவிடலாம். இப்படிப் பதினாலு ஜோடி பார்த்திருக்கிறாள். பதினோராவது ஜோடியில் கிரகணம் சில நிமிஷம் முன்னே பின்னே வருகிறது. மூன்றாவதாக ஒரு நட்சத்திரம் ஒளிந்துகொண்டு இழுக்கலாம் என்பது அவள் சந்தேகம். இதைச் சொல்லும்போது அவள் முகத்தில் தூக்கக் களை இல்லை.

இரண்டாம் பக்கத்தில், நடுவாக, மூன்றே வாக்கியம். 'இரண்டாம் செமஸ்டரில் என் சராசரி 4.4. அந்த நாலு மாதம் என் தந்தை விபத்தில் படுத்திருந்ததால் எங்கள் மளிகைக் கடையை நான் நடத்தினேன். இரண்டு அரியரையும் அடுத்த செமஸ்டரில் முடித்தேன். அதன் பிறகு 7.8, 8.2.' வருத்தம், மன்னிப்பு, விதி எதுவும் கிடையாது. சில யுனிவர்சிட்டி ஃபாரத்தில் இதற்கென்றே தனிக் கட்டம் வைத்திருக்கிறார்கள். அங்கே இதை அதில் போட்டுவிட்டு, எஸ்.ஓ.பி.யில் எடுத்துவிட்டோம். சிபாரிசுக் கடிதம் கொடுக்கிற ப்ரொஃபஸரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வைக்கச் சொன்னேன். நம்மைப் பற்றி நாமே சொல்வதைவிடப் பாடம் நடத்தினவர் சொன்னால் எடை கூட.

குறைந்தபட்சம் 3 இல்லாவிட்டால் பார்க்கவே மாட்டோம் என்று கறாராகப் போட்டிருந்த இடங்களைப் பட்டியலிலிருந்தே அடித்தோம். விண்ணப்பக் கட்டணம் ஒன்றுக்கு எழுபத்தைந்து டாலர், நூறு டாலர் என்று போகிறது. எவ்வளவு நல்ல வாக்கியமானாலும் அங்கே பூட்டைத் திறக்காது.

*

பாக்கி இருந்தது ஒன்றுதான். அப்பா.

ஞாயிற்றுக்கிழமை கடை சாத்தின பிறகு போனோம். அவள் எதிர்பார்த்தபடியே, "என்ன எழுதியிருக்கே, தமிழ்ல சொல்லு" என்றார். சொன்னாள். நட்சத்திரம் வரைக்கும் குரல் நன்றாக இருந்தது. இரண்டாம் பக்கம் வந்ததும் நின்றுவிட்டாள். மிச்சத்தை நான் சொன்னேன்.

அக்கா வீட்டுக்காரர் ஒன்றும் பேசவில்லை. எழுந்தார். இடுப்பு இன்னும் சரியாக வளையாது. மேஜையைப் பிடித்துக்கொண்டுதான் எழுவார். உள்ளே போய் ஒரு நீள நோட்டை எடுத்துவந்தார். கடைக் கடன் நோட்டு. அந்த நாலு மாசமும் அவள் கையெழுத்து. நடுவிலிருந்து ஒரு ரசீதை உருவினார். காலேஜில் அட்டெண்டன்ஸ் குறைந்ததற்குக் கட்டின கண்டோனேஷன் ஃபீஸ் ரசீது. பக்க அடையாளத்துக்கு இவளே வைத்து மறந்துபோனது.

"ஜெராக்ஸ் கடைக்காரன்கிட்ட காட்டி அர்த்தம் கேட்டுக்கினேன். அரியரையும் அவந்தான் கம்ப்யூட்டர்ல பாத்துச் சொன்னான். ஒண்ணரை வருசம் ஆவுது."

"ஏம்பா கேக்கலை?"

"நீ சொல்லலை. நான் கேக்கலை."

அக்கா சமையலறை வாசலில் நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்கு மட்டும் எல்லாமே அன்றைக்குத்தான் தெரிந்தது. "ரெண்டு பேரும் சேர்ந்து என்னை முட்டாளாக்கிட்டீங்களே!" என்று ஒரு மூச்சு சத்தம் போட்டுவிட்டு, தோசைக்கல்லை அடுப்பில் போட்டாள்.

அவர் நோட்டைப் பின்பக்கமாகத் திருப்பினார். கடைசி இருபது பக்கமும் எண்களாக இருந்தன. "இது இன்னாம்மா? சீட்டு நம்பரா? லாட்டரி கீட்டரி ஆடறியோன்னு ரொம்ப நாள் பயந்துக்கினு இருந்தேன்."

எட்டிப்பார்த்தாள். "கிரகணம்பா. மத்தியானம் யாரும் வராதப்ப எழுதினது. மொத நாலு ஸ்டாரும் கடையிலதான் போட்டேன்."

அவர் அந்தப் பக்கங்களைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "மாப்ள, அந்த வரியில ஒரு தப்பு இருக்கு" என்றார்.

எனக்குப் பகீர் என்றது. "எடுத்துடணுமா மாமா?"

"எதுக்கு எடுக்கணும்? நாலு மாசம்னு போட்டிருக்கே. அஞ்சு. மே மாசம் நான் கடைக்கு வந்தேனே தவிர, ஸ்டூல்லதான் ஒக்காந்திருந்தேன். மூட்டை எறக்கினதெல்லாம் அவதான். பரிட்சையும் அந்த மாசந்தான் எழுதினா. நஷ்டத்தைக் கம்மியா காட்டினா உங்க ஆடிட்டர் ஒத்துக்குவாரா?"

ஐந்து என்று திருத்தினோம்.

இதுவரை இரண்டு இடங்களிலிருந்து வருத்தம் தெரிவித்து மெயில் வந்துவிட்டது. இரண்டும் ஒரே வாசகம். அங்கேயும் பிரௌஸிங் சென்டர் இருக்கும் போலிருக்கிறது. ஓர் இடத்திலிருந்து ஒரு ப்ரொஃபஸர் மூன்று வரி எழுதியிருந்தார். பதினோராவது ஜோடியின் நேரக் கணக்கில் செயற்கைக்கோள் கடிகாரத்தின் திருத்தத்தைச் சேர்த்துவிட்டாயா என்று கேட்டு, அடுத்த வாரம் கம்ப்யூட்டரில் நேரில் பேசலாம் என்று தேதி கொடுத்திருந்தார்.

"அந்த மூணு வரியைப் பத்தி இன்னா கேட்டாரு?" என்றார் அப்பா.

"ஒண்ணுமே கேக்கலைப்பா."

"ஒண்ணுமே கேக்கலையா? அப்ப அதுக்கா நாம அவ்ளோ யோசிச்சோம்?" என்று என்னைப் பார்த்தார், கூலியைத் திருப்பிக் கேட்கிறவர் மாதிரி.

அமெரிக்காவில் பெரும்பாலான இடங்களில் ஏப்ரல் 15-க்குள் விஷயம் தெரிந்துவிடுமாம். கடையில் மாட்டியிருக்கிற மாதக் காலண்டரில் அந்தத் தேதிக்கு நேராக 'பாப்பா' என்று எழுதியிருக்கிறார். அதற்குக் கீழே பொடியாக, 'கடலெண்ணெய் 4 டின்'.